எஸ்தருக்கு நீ கொடுக்காத பந்து

அன்பு மகள் விஜயாவுக்கு,

இந்த உறையைப் பிரிக்கும் முன் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாய். யாராவது ஏற்கெனவே பிரித்துப் படித்துவிட்டு ஒட்டியிருக்கிறார்களா, பசை புதிதாக இருக்கிறதா என்று. நானும் அப்படித்தான் பார்ப்பேன். வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் ஷூவைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் நீ குளிக்கப் போவாய் என்று உன் டீமில் ஆடிய பெண் ஒருத்தி உன் கல்யாணத்தன்று சொன்னாள். பந்தியில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை பூத்திலிருந்து உன்னோடு பேசினேன் அல்லவா? கோடை விடுமுறையில் ராஜபாளையத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து முகாம் நடத்துகிறார்கள், உன்னைக் கோச்சாகக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றாய். குரலில் அத்தனை சந்தோஷம். அடுத்த மூச்சில், எஸ்தரும் கோச் என்று தெரிந்ததால் வரமாட்டேன் என்று எழுதப் போவதாகச் சொன்னாய். "அவ நிக்கிற கோர்ட்ல நான் கால் வைக்க மாட்டேம்ப்பா. அந்த மொட்டக் கடுதாசி எழுதுனது அவதான்னு ஒங்களுக்கும் தெரியும்ல?" என்று கேட்டாய். நான் "ம்" என்றேன். சொல்லிவிட்டு ரிசீவரை வைத்துவிட்டேன். அந்த ஒரு "ம்"முக்காகத்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன்.

அந்தக் கடிதத்தை எழுதியது எஸ்தர் இல்லை. நான்தான் எழுதினேன்.

முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி இதைப் படிப்பதும் கிழித்துப் போடுவதும் உன் இஷ்டம். ஆனால் படிப்பாய். அப்பா யாரையோ காப்பாற்றப் பொய் சொல்கிறாரோ, எஸ்தர் வீட்டுக்கு வந்து அழுது எழுத வைத்துவிட்டாளோ என்று இந்நேரம் உனக்குத் தோன்றியிருக்கும். அதைக் கண்டுபிடிக்கவாவது கடைசிவரை படிப்பாய்.

நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருபத்தாறு வருஷம் கண்டக்டர் வேலை. எட்டு வயசுப் பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு "நாலு வயசுதான்" என்பவர்களையும், நேற்றைய டிக்கெட்டை மடித்து நீட்டுகிறவர்களையும் பார்த்துப் பார்த்து, எதிரே நிற்கிற ஆள் எதையோ மறைக்கிறான் என்று நினைத்துக்கொண்டே பேசுவது எனக்குப் பழகிவிட்டது. அதைப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன். பையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகும் அது என்னை விட்டுப் போகவில்லை. உன் அம்மாவுக்கு அவள் தம்பி சேலை எடுத்துக் கொடுத்தால், இவன் என்ன கேட்கப் போகிறான் என்று பார்ப்பேன்.

அப்படிப்பட்டவனிடம்தான் நீ ஒன்பதாம் வகுப்பில் வந்து, "முத்தையா சார் எனக்கு பேஸ்கட்பால் சொல்லித் தாரேங்காருப்பா, காசு வேண்டாமாம்" என்றாய். வகுப்பிலேயே நீதான் உயரம். ராஜபாளையத்தில் ஒரு மில்லின் டீமுக்கு ஆடுவதற்காகவே வேலை கொடுக்கப்பட்டவர் முத்தையா. முழங்கால் போன பிறகு அவரை மில் ஆபீஸில் உட்காரவைத்தார்கள். சாயங்காலம் மில் கோர்ட்டில் பெண் பிள்ளைகளுக்குப் பழக்கிக் கொடுத்தார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நீயும் எஸ்தரும் பள்ளிக்கூடம் விட்டு நேரே பஸ் ஏறிப் போவீர்கள். ஒரு ஆம்பிளை, சம்பளம் வாங்காமல், அடுத்த ஊர்ப் பிள்ளைகளுக்கு எதற்காக இத்தனை பாடுபடுகிறான்? இதுதான் எனக்கு முதல் நாளே வந்த கேள்வி. அவர் ஆட்டத்தை நேசித்தார், தன்னால் ஆட முடியாததை உங்களை ஆடவைத்துப் பார்த்தார் என்கிற பதில் எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை.

ஒருநாள் அவர் மதுரையிலிருந்து உனக்கு ஷூ வாங்கி வந்தார். "ஒன் கால் அளவு அவனுக்கு எப்பிடிட்டி தெரியும்?" என்று கேட்டேன். "பேப்பர் மேல நிக்கவச்சு பென்சிலால சுத்தி வரைஞ்சுக்கிட்டாருப்பா. அஞ்சு பேருக்கும்தான்" என்றாய். அஞ்சு பேருக்கும் என்றது என் காதில் விழவில்லை. பென்சிலால் சுற்றி வரைந்தார் என்பது மட்டும் விழுந்தது. அதுவரை நான் கான்சாபுரம் ரூட்டில் ஓடிக்கொண்டிருந்தேன். வயல் வேலைக்குப் போகிறவர்கள் ஏறி இறங்குகிற, தொல்லையில்லாத ரூட். டிப்போவில் நடையாய் நடந்து ராஜபாளையம் ரூட்டுக்கு மாற்றிக்கொண்டேன். உன் அம்மாவிடம் வேறு காரணம் சொன்னேன். உண்மையான காரணம், அந்த பஸ் மில் கோர்ட்டை ஒட்டிப் போகும் என்பதுதான்.

போகும்போதும் வரும்போதும் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். ஒரு நிமிஷம்கூட இருக்காது. அந்த ஒரு நிமிஷத்தில் ஒருநாள் அவர் உன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பந்தை எறியும்போது முழங்கை வெளியே விரியக் கூடாது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். பஸ் கடந்துவிட்டது. மிச்சத்தை நானே இட்டு நிரப்பிக்கொண்டேன். ஒரு தடவையாவது பஸ்ஸிலிருந்து இறங்கி, கோர்ட் ஓரத்தில் உட்கார்ந்து, பயிற்சியை முழுசாகப் பார்த்திருந்தால் இந்தக் கடிதம் எழுத வேண்டியிருந்திருக்காது. சந்தேகம் வந்தால் இறங்கிப் பார், மகளே. ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்க்காதே.

அப்புறம் மதுரை மேட்ச். கணுக்கால் பிசகி நீ நொண்டிக்கொண்டு வந்தாய். மறுநாள் சாயங்காலம் எஸ்தர் மட்டும் தனியாக என் பஸ்ஸில் ஏறினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு முகமெல்லாம் வெளிச்சமாக நின்று சொன்னாள்: "மாமா, சார் மட்டும் இல்லன்னா விஜயா காலு என்னாயிருக்குமோ! வண்டியில மத்த புள்ளைக வேற பெட்டி, நாங்க மூணு பேரும் ஒரு பெட்டியில இருந்தோம். ஸ்டேசன்ல ஐஸ் வாங்கி, தன் துண்டுல சுத்தி, அவ காலத் தூக்கி மடியில வச்சு, இங்க வந்து சேர்ற வரைக்கும் பிடிச்சுக்கிட்டே வந்தாரு. கை மரத்துப்போச்சு அவருக்கு. சொந்தப் புள்ள மாதிரி மாமா."

இரண்டு நாள் கழித்து டிப்போ ஓய்வறையில் உட்கார்ந்து, இடது கையால், மில் மேனேஜருக்குக் கடிதம் எழுதினேன். முழங்கையை எழுதினேன். ஷூவை எழுதினேன். ஐஸை, துண்டை, மடியை எல்லாம் எழுதினேன். "சொந்தப் பிள்ளை மாதிரி" என்பதை மட்டும் விட்டுவிட்டேன். பேர் போடவில்லை. நம் ஊர் முத்திரை விழக் கூடாது என்று சிவகாசிக்குப் போய்த் தபாலில் போட்டேன். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் உன்னைக் காப்பாற்ற வேண்டும் என்றால் உன்னிடம் பேசியிருக்கலாம், அவரிடம் நேரே கேட்டிருக்கலாம். நான் சொன்னேன் என்று தெரியாமல் காரியம் நடக்க வேண்டும் என்றல்லவா ஆசைப்பட்டேன்.

பெற்றவர்களையும் உங்கள் ஐந்து பேரையும் மில் கிளப்புக்கு வரச் சொன்ன நாள் உனக்கு மறந்திருக்காது. மேனேஜர் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். நான் எழுதிய வாசகங்களை இன்னொருவர் குரலில் கேட்டபோது எனக்கே அருவருப்பாக இருந்தது. முத்தையா சார் எழுந்து நின்று சொன்னார்: "எழுதுனவுக யாருன்னு எனக்குத் தெரியாது. ஐஸ் வச்சது நெசந்தான். வண்டியில எங்கூட ரெண்டு புள்ளைகளும் இருந்துச்சுக. அதுகளையே கேளுங்க." யாரும் உங்களைக் கேட்கவில்லை. பயிற்சியைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாம் என்று முடிவு செய்து எழுந்துவிட்டார்கள்.

வெளியே வந்ததும் நீ எஸ்தரின் கையைப் பிடித்து இழுத்தாய். "வண்டியில இருந்தது நீயும் நானும்தான். ஐஸ் விசயத்த யாருட்டட்டி சொன்ன?" என்று கேட்டாய். அவள், "ஒரே ஒருத்தர்ட்ட சொன்னேன்" என்றாள். "யாருட்ட?" என்றாய். அவள் என்னைப் பார்த்தாள். நான் உனக்குப் பின்னால் நின்றதால் நீ அவள் கண் போன இடத்தைப் பார்க்கவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளுக்கு அந்த இடத்திலேயே எல்லாம் புரிந்துவிட்டது. "சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்து போய்விட்டாள். அவளே எழுதிவிட்டு மழுப்புகிறாள் என்று நீ முடிவு செய்தாய். உனக்கு அப்போது பதினாறு வயசு. அவளுக்கும் அதே வயசுதான்.

முத்தையாவை மில் ஆபீஸிலிருந்து எடுத்து, நாள் முழுக்க நிற்கிற வேலைக்குப் போட்டார்கள். அந்த முழங்காலோடு எத்தனை நாள் நிற்க முடியும்? நாலைந்து மாதத்தில் வேலையை விட்டுவிட்டு, மனைவியின் ஊரான மம்சாபுரத்தில் சைக்கிள் கடை வைத்தார். நீ பள்ளி மைதானத்தில் யாரும் சொல்லித்தராமலே ஆடினாய். வெறியோடு ஆடினாய். இரண்டே வருஷத்தில் ரயில்வே டீமுக்கு ஆள் எடுக்கும் ஆட்டத்துக்கு உன்னையும் எஸ்தரையும் மதுரைக்குக் கூப்பிட்டார்கள்.

அந்த ஆட்டத்தைப் பார்க்க நான் வந்திருந்தேன். உங்கள் இருவரையும் ஒரே பக்கம் ஆடவிட்டார்கள். பந்தைத் தட்டிக்கொண்டு மேலே வந்து யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பது உன் வேலை. வலது மூலையில் நின்று கூடையில் போடுவது எஸ்தரின் வேலை. முத்தையா உங்களை அப்படித்தான் பழக்கியிருந்தார். எஸ்தர் தன் மூலையில் போய்க் கையைத் தூக்கி நின்றாள். நீ இடது பக்கம் கொடுத்தாய். மறுபடி நின்றாள். நீயே உள்ளே புகுந்து போட்டாய். ஒரு தடவை அவளுக்கு எதிரில் தடுக்க ஆளே இல்லை. எனக்கு ஆட்டம் தெரியாது, எனக்கே தெரிந்தது. "அவளுக்குப் போடு" என்று பக்கத்தில் யாரோ கத்தினார். நீ அவளைப் பார்த்தாய், பார்த்துவிட்டுப் பந்தைப் பின்னால் நின்றவளுக்குக் கொடுத்தாய். ஆட்டம் முடிகிறவரை எஸ்தரின் கைக்கு நீ ஒரு பந்துகூடக் கொடுக்கவில்லை. கையில் பந்தே வராதவளை யார் தேர்ந்தெடுப்பார்கள்? நீ ரயில்வேக்குப் போனாய். அவள் நம்மூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சரானாள்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். உனக்கு வேலை கிடைத்த நாளில் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு பத்து வருஷம் நீ ஆடினாய். பகலில் ஆபீஸ், காலையும் மாலையும் கோர்ட், வருஷத்தில் பாதி நாள் ரயில் பயணம். மூன்று தடவை விரல் உடைந்தது, ஒரு தடவை முழங்காலில் ஆபரேஷன். பேப்பரில் உன் படம் வந்தால் டிப்போ முழுக்கக் காட்டுவேன். ஆனால் நீ லீவில் வரும்போதெல்லாம் உன் பேச்சில் என் குரல்தான் கேட்கும். தேர்வுக் கமிட்டிக்காரர் சிரித்தால் காரணம் இருக்கும் என்பாய். புதிதாக வந்த பெண் உன்னிடம் சந்தேகம் கேட்டால், "எடத்தப் புடிக்கப் பாக்குதா" என்பாய். டீமில் பத்து வருஷம் இருந்தும் உனக்கு ஒரு தோழி இல்லை. எஸ்தருக்குப் பிறகு யாரையும் நீ அருகில் விடவில்லை.

நான் மட்டும் நிம்மதியாக இருந்தேன் என்று நினைக்காதே. எஸ்தர் என் பஸ்ஸில் ஏறினால் போதும். இன்றைக்குச் சொல்லிவிடுவாளோ, பக்கத்து சீட்டு அம்மாளிடம் என்ன பேசுகிறாள், என்னைப் பற்றித்தானோ என்று விசிலை வாயில் வைத்தபடி பார்த்துக்கொண்டே நிற்பேன். அவளோ, "ராஜபாளையம் ஒண்ணு மாமா" என்று டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவாள். தப்புச் செய்தவன் நான், சந்தேகப்பட்டதும் அவளைத்தான்.

உன்னோடு போனில் பேசிய மறுநாள் மம்சாபுரம் போனேன். முத்தையா ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. "வாங்க அண்ணாச்சி, விஜயா எப்பிடி இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். நின்றபடியே சொல்லிவிட்டேன். அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எங்கிட்டச் சொல்லி என்ன அண்ணாச்சி பிரயோசனம்? கடுதாசில எழுதுன மாதிரி ஆளு நான் இல்லன்னு எனக்குத் தெரியும். எம் பொண்டாட்டிகிட்டச் சொல்லுங்க. பன்னெண்டு வருசமா நான் சொல்லி அவ நம்பல" என்றார்.

கடைக்குப் பின்னாலேயே வீடு. அவர் மனைவி லட்சுமி கேட்டு முடித்துவிட்டு என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இவுக சொல்லிக் குடுத்துக் கூட்டியாந்தாகளா? எம்புட்டுக் குடுத்தாக?" என்றார். நான் சத்தியம் செய்தேன். லட்சுமி உள்ளே போய் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்தார். என் கடிதம். மேனேஜர் முத்தையாவிடமே வீசியெறிந்ததை அந்த அம்மாள் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். அதை என் கண்ணில் காட்டாமல் மடியில் வைத்துக்கொண்டு, ஒரு நோட்டிலிருந்து தாளைக் கிழித்துக் கொடுத்தார். "அதே கையால எழுதுங்க. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க" என்றார்.

எழுதினேன், விஜயா. "முழங்கையைப் பிடித்துக்கொண்டு" என்று அந்த அம்மாள் படிக்க, இடது கையால் எழுதினேன். "காலை மடியில் வைத்து" என்று படிக்க, எழுதினேன். முத்தையா சுவரைப் பார்த்து நின்றார். லட்சுமி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்துப் பார்த்தார். என் இடது கை எழுத்தில் 'ழ'வின் வால் மேலே போய் முட்டும். இரண்டிலும் முட்டியது. அந்த அம்மாள் இரண்டையும் மடித்து எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். நெடுநேரம் கழித்து ஒரு டம்ளர் காபியோடு வந்து அதை முத்தையாவிடம் நீட்டினார். "ஆறிரும், குடிங்க" என்றார். அவர் டம்ளரைக் கையில் வாங்கியபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் வாசலுக்கு வந்தபோது முத்தையா பின்னாலேயே வந்து, "இனிமே இங்க வராதீக அண்ணாச்சி. கோவத்துல சொல்லல. ஒங்களப் பாத்தா அவளுக்கும் எனக்கும் வீணாப்போன வருசமெல்லாம் ஞாபகம் வரும்" என்றார்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். "இத்தன வருசம் அந்தப் புள்ளய நானும் வாய் கூசாம ஏசியிருக்கனே" என்றாள். அதற்குப் பிறகு இதுவரை என்னோடு பேசவில்லை. சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

அடுத்த நாள் எஸ்தரின் பள்ளிக்கூட வாசலில் காத்திருந்தேன். கழுத்தில் விசிலோடு வந்தாள். நான் ஆரம்பிக்கும் முன்பே, "ஒங்கள எதிர்பார்த்தேன் மாமா, ஆனா இம்புட்டு லேட்டா இல்ல" என்றாள். ஏன் அன்றைக்கே என் பேரைச் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ அப்பா இல்லாத பெண் போல ஆகிவிடக் கூடாது என்று நினைத்திருப்பாள், அப்படி ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள், "சொன்னா நம்பியிருப்பாளா? அவ ஒங்க மகள்ல?" என்றாள். "மொத ஒரு வருசம் சொல்லிரணும்னு தவிச்சேன். ரயில்வே மேட்ச்சுக்குப் பொறவு அவ மேலயே வெறுப்பாயிட்டு. ஒங்களயும் மன்னிக்கல மாமா, சும்மா சொல்லக் கூடாது" என்றாள். அதையும் உனக்கு எழுதிவிடுகிறேன். அவள் ஏதோ பெருந்தன்மையாகக் காத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு வராதே.

இப்போது இதை எழுதுவதில்கூட எனக்கு என் மேல் சந்தேகம்தான். ரிட்டயர் ஆகப்போகிற வயசில் பாரத்தை இறக்கி உன் தலையில் வைக்கிறேனோ என்று. இருக்கலாம். என்னை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. நீ இனி என்னோடு பேசாவிட்டாலும் அதற்குக் காரணம் தேட மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். மதுரையில் அந்தப் பந்தைக் கொடுக்காதது உன் கை. அதையும் என் கணக்கில் எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்ளாதே. என் பங்கு எத்தனை பெரியது என்று எனக்குத் தெரியும். உன் பங்கை நீ போய்ச் சொல்.

முகாமுக்கு வரப்போகும் பிள்ளைகளைப் பற்றி எஸ்தர் பேசினாள். அதுவரை இறுகியிருந்த முகம் அப்போதுதான் தளர்ந்தது. மில் லைன் வீட்டுப் பிள்ளைகள், செண்பகத்தோப்புப் பக்கமிருந்து நடந்தே வருகிற ஒருத்தி, எல்லாரும் உயரமாக இருக்கிறார்களாம், கூடையில் போடத் தெரிகிறதாம். பந்தை மேலே கொண்டுவந்து, ஆள் பார்த்துக் கொடுக்க ஒருத்திக்கும் தெரியவில்லையாம். "அது எனக்குச் சொல்லிக் குடுக்க வராது மாமா. வாரதா இருந்தா அடுத்த புதன்கிழமைக்குள்ள சொல்லச் சொல்லுங்க. இல்லன்னா நான் வேற ஆள் பாக்கணும்" என்றாள். அவள் விலாசம் தனித்தாளில் இருக்கிறது. பதிலை எனக்கு எழுத வேண்டாம், அவளுக்கு எழுது.

உன் அப்பா